கூரைக் கல்லும் முப்பத்தொரு தாழியும்

பிங்தான் தீவில் கூரை ஓடுகளைச் சுண்ணாம்பு வைத்துப் பூசுவதில்லை. சும்மா அடுக்கி, மேலே வரிசையாகக் கல்லை வைத்துவிடுவார்கள். புயலடித்தால் ஓட்டிடுக்கு வழியே காற்று மூச்சுவிட்டுக்கொள்ளும். கல் ஓட்டைப் பிடித்துக்கொள்ளும். லின் போகுவாங் வீட்டுக் கூரையில் மட்டும் கல் வருஷாவருஷம் குறைந்துவந்தது. அதற்குக் காரணம் அவரேதான்.

போகுவாங் கடுகுக்கீரை ஊறுகாய் போடுகிறவர். உப்பிட்ட கீரை மிதக்காமலிருக்கத் தாழிக்குள் பலகை வைத்து, அதன்மேல் கல்லேற்ற வேண்டும். மழையில் குளித்துக் குளித்துச் சுத்தமான கூரைக் கல்தான் ருசி தரும் என்பது அவர் கட்சி. வீட்டிலிருந்த முப்பத்தொரு தாழிக்கும் ஆளுக்கொன்றாக இறக்கினார். கடலன்னை கோயில் விருந்துக்கு வருஷந்தோறும் அவர் கீரைதான் போகும். அந்தப் பெருமையில் கூரையை அண்ணாந்து பார்க்கவே மறந்துபோனார்.

அன்று காலை ரேடியோவில் புயல் சொன்னார்கள். மத்தியானம் கரையேறுமாம். மனைவி மெய்ச்சின் ஏணியில் ஏறிப் பார்த்தாள்.

“ஏங்க, காத்து வர்ற பக்கம் பூரா மொட்டையா கெடக்கு. உங்க தலையே தேவல.”

“கல்லை எடுத்தா கீரை மெதந்து அழுகிப்போகும் மெய்ச்சின். கோயில் கீரை.”

“கூரை போச்சுன்னா கோயில் வாசல்லதான் குடியிருக்கணும். அப்ப கீரைய பக்கத்துலயே பாத்துக்கலாம்.”

பக்கத்து வீட்டு வெங் தன் கூரையிலிருந்து எட்டிப் பார்த்தான். “அண்ணே, உங்க ஓடு எங்க வீட்டுக்குப் பறந்து வந்தா திருப்பித் தர மாட்டேன்.” சொல்லிவிட்டுக் கல்லேற்ற அவனே வந்தான்.

முப்பத்தொரு கல்லும் கூரைக்குத் திரும்பின. கீரைமேல் ஏற்ற வேறு பாரம் வேண்டுமே. அம்மிக்கல், தையல் மிஷின், அரிசி மூட்டை, வெங் வீட்டு நங்கூரம் என்று கனமானவையெல்லாம் தாழியேறின. கடைசித் தாழிக்கு வீட்டில் ஒன்றுமில்லை. மெய்ச்சின் புருஷனை மேலும் கீழும் பார்த்தாள். அவர் அதன் பலகைமேல் ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடிக் கடலன்னையைக் கும்பிட்டார்.

காற்று நாலு மணி நேரம் ஊதித் தள்ளியது. ஓடுகள் பல்லைக் கடித்ததுபோல் நறநறத்தன. அன்னையின் கருணை, ஒன்றும் பறக்கவில்லை.

விளக்கு வைக்கும் நேரம் வெங் வந்து பார்த்தான். “புயல் போயாச்சு அண்ணே, எறங்குங்க.”

“எறங்கினா கீரை மெதக்கும். நீ வந்து கொஞ்சம் உக்காரு தம்பி. நான் கஞ்சி குடிச்சிட்டு வந்துடறேன்.”