காலி யார்டைப் பார்க்க வந்த லோன் ஆபீசர்

1. கூட்டிப் பெருக்கிய வினை

லோன் ஆபீசர் எங்கள் யார்டைப் பார்க்க வந்த அன்று, அங்கே ஒரு வளைந்த ஆணிகூடக் கிடையாது. அவ்வளவு சுத்தமாகக் கூட்டி வைத்திருந்தேன். அதுதான் வினையாகப் போயிற்று.

சொந்தமாகத் தொழில் செய்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். வடக்குப்பட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே பேலட் ரிப்பேர் யார்டு. கம்பெனியில் சரக்கு அடுக்குகிற மரத் தட்டுதான் பேலட். உடைந்து வருவதைப் பிரித்து, பலகை மாற்றி, ஆணி அடித்துத் திருப்பி அனுப்புவோம். நானும் வீட்டுக்காரர் ஏகாம்பரமும் சில ஆட்களும். லாரி திரும்பக்கூட இடம் போதவில்லை. வல்லக்கோட்டைப் பக்கம் பெரிய மனையோடு ஒரு வீடு விலைக்கு வந்தது. அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போட்டுவிட்டேன்.

"இருக்கற வூட்ட வித்துட்டு வாங்கேன்" என்றார்கள் சொந்தக்காரர்கள். சம்பளக்காரர் என்றால் விற்றுவிட்டு வாடகைக்குப் போகலாம். எங்களுக்கு வீடு போனால் யார்டும் போச்சு. ஒரு வாரம் பேலட் போகாவிட்டால் கம்பெனி வேறு வெண்டரைப் பிடித்துக்கொள்ளும். அதனால் வாங்கிவிட்டுத்தான் விற்க முடியும். லோன் வராவிட்டால் கொடுத்த அட்வான்ஸும் கோவிந்தா.

சம்பள ஸ்லிப் இல்லாதவர்களின் தொழிலை பேங்க் நேரில் வந்து பார்க்கும் என்றார்கள். இந்தப் பக்கம் கம்பெனிகளில் ஆடிட் என்றால் தரையைத் துடைத்து, கண்ணில் படுகிறதையெல்லாம் ஒளித்து வைப்பார்கள். நானும் அதையே செய்தேன். முந்தின நாளே எல்லாப் பேலட்டையும் அனுப்பி, ஆட்களுக்கு லீவு கொடுத்து, கம்ப்ரஸருக்கு உறை மாட்டி, கோலமும் போட்டேன். உடம்பில் பட்டுப்புடவை வேறு.

"தொழில் எங்கம்மா நடக்குது?" என்றார் ஆபீசர்.

"இங்கதான் சார்."

"இங்க ஒண்ணுமே இல்லையே. மூடி ரொம்ப நாளாச்சா?"

உறையை விலக்கி கம்ப்ரஸரைக் காட்டினேன்; அவர் நம்பாமல் கிளம்பிவிட்டார். அவர் போனதும் ஏகாம்பரம் தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னா கஸ்தூரி, கல்யாண வூடு மாதிரி பண்ணி வச்சிகினு கீற? அந்தாளு இன்னாத்தப் பாப்பாரு?"

2. ஓரமா நில்லு

மறுநாளே பேங்கில் போய் நின்றேன். "சார், சொல்லாம கொள்ளாம ஒரு நாள் வாங்க. எந்த வேலை நாளா இருந்தாலும் சரி."

வந்தார், ஒரு திங்கட்கிழமை. ஒரு வாரத்து உடைந்த பேலட் எல்லாம் லாரியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. கம்ப்ரஸர் கத்துகிறது, ஆணி அடிக்கிற கன் படபடக்கிறது, தெரு வரைக்கும் மரத்தூள். நைட்டி மேல் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு நான் நடுவில்.

"யாருப்பா அது குறுக்க? ஓரமா நில்லு, பேலட் வருது!" என்று கத்திவிட்டுத் திரும்பினால், ஆபீசர். சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறார். எனக்கு உயிரே போய்விட்டது. மன்னிப்புக் கேட்பதற்குள் கம்பெனி ஸ்டோர்ஸிலிருந்து போன். கையெல்லாம் தூசி என்பதால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, பேக்கிங் லைன் நிக்கப் போவுது. ரெடியானத மட்டுமாவது அனுப்புக்கா!"

ஆபீசர் சிரித்துவிட்டார். "அன்னைக்கே இப்படி இருந்திருக்கக் கூடாதாம்மா?" என்றார். நின்ற இடத்திலேயே போட்டோ எடுத்துக்கொண்டார். லோன் சாங்ஷன் ஆனது. சேதி வந்தபோது கட்டிங் மிஷினை நிறுத்திவிட்டு அழுதேன். சந்தோஷத்தில்தான்.

3. யாருக்கு அவசரம்

புது வீடு எங்கள் பேரில் பதிவானதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் யார்டை மாற்றினோம். திங்கட்கிழமை லோடு புது இடத்திலிருந்து நேரத்துக்குப் போனது. கம்பெனிக்கு நாங்கள் மாறியதே தெரியாது.

பழைய வீட்டை விலைக்குப் பார்க்க சுங்குவார்சத்திரத்தில் லாட்ஜ் வைத்திருக்கிறவர் ஒருவர் வந்தார். "ரெண்டு வூட்டக் கட்டிகினு எத்தினி நாளு இழுப்பீங்க? வந்த வெலைக்குத் தள்ளிடும்மா" என்றார்.

"புது யார்டுல இப்ப ரெண்டு கம்பெனி வேலை ஓடுதுண்ணா. தவணை அதுலயே கட்டிப்பேன். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றேன். கோபித்துக்கொண்டு போனார். நான் கூப்பிடவில்லை. சில மாதம் கழித்து அவரே திரும்பி வந்தார். நான் சொன்ன விலையில் ஒரு ரூபாய் குறையவில்லை.

பிள்ளைகளே, முதலில் வாங்கிவிட்டுப் பிறகு விற்பது எல்லாருக்கும் சரிப்படாது. கையில் தொழில் நிற்காமல் ஓட வேண்டும். ஓடினால், அவசரம் வாங்க வருகிறவருக்குத்தான்.

பழைய வீட்டுப் பத்திரம் முடிந்து ரிஜிஸ்டர் ஆபீஸ் படியில் ஏகாம்பரம் கேட்டார், "ஓட்டல்ல ஒரு பிரியாணி துன்னுட்டுப் போலாமா?"

"பார்சல் வாங்கிக்கய்யா, லோடு நிக்குது" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன். அவசரமில்லை என்று சொன்ன நானே இப்படி அவசரப்படுவதை நினைத்து, வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.