பீன்ஸ் நறுக்கிய கை

பிரியமானவர்களே, சிலர் தீராத வியாதியிலிருந்து மீண்டதைச் சாட்சியாகச் சொல்வார்கள். கர்த்தர் என்னை மீட்டது பீன்ஸிலிருந்து. சிரிக்காதீர்கள். அப்போது நான் சிரிக்கவில்லை. சாப்பாடு இறங்காமல், தூக்கம் வராமல் அழுதேன்.

தாராவியில் எனக்கு லெதர் பை பட்டறை. கீழே பட்டறை, மேலே வீடு, நடுவில் ஓர் இரும்பு ஏணி. நான் வேலைக்குப் போவதென்றால் இறங்குவது, வீடு திரும்புவதென்றால் ஏறுவது. லோக்கல் ரயிலின் பக்கமே போகாதவன்.

என் மனைவி கிரேஸுக்கு தானேயில் ஒரு மருந்து பேக்கிங் கம்பெனியில் வேலை. இந்த வருடம் ஈஸ்டர் முடிந்த கையோடு அவளைத் தற்காலிகமாக சூப்பர்வைசர் ஆக்கினார்கள். அன்றிலிருந்து சாவந்த் சார் என்று அவளுடைய மேனேஜர் ஒருவர் எங்கள் சாப்பாட்டில் கலந்துகொண்டார். சாவந்த் சார் பாராட்டினார், சாவந்த் சார் கேட்டார். ரசத்தைவிட அவரைத்தான் அதிகம் பரிமாறினாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் பீன்ஸ் வந்தது. அவள் வேலையிலிருந்து வரும்போதே பிளாஸ்டிக் பையில் நறுக்கிய பீன்ஸ். நான் லெதர் வெட்டுகிறவன். வெட்டைப் பார்த்தே யாருடைய கை என்று சொல்லிவிடுவேன். கிரேஸ் நறுக்கினால் ஒன்று குச்சி மாதிரி இருக்கும், ஒன்று பொடி மாதிரி. இதுவோ சாய்வாக, எல்லாம் ஒரே அளவில். வேறு கை.

எப்போது நறுக்கினாய் என்று கேட்டேன். "வார வழியிலயே முடிஞ்சிட்டு," என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

வருகிற வழியில் எனக்குத் தெரியாமல் யார் வீடு இருக்கிறது? சாவந்த் சார் கைலி கட்டிக்கொண்டு பீன்ஸ் நறுக்குகிற காட்சி என் கண்ணை விட்டுப் போகவில்லை. இத்தனைக்கும் அவரை நான் பார்த்ததே இல்லை. பொறாமைக்கு போட்டோ தேவையில்லை.

பதவியை நிரந்தரமாக்க அவள் சனிக்கிழமை கையெழுத்துப் போட வேண்டும். போடாதே, வேலையையும் விடு என்று சொல்ல நான் முடிவுசெய்துவிட்டேன்.

புதன்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம். எனக்குத் தெரிந்த ஒரு சகோதரனுடைய இடத்தை வீட்டில் வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள், அது யாரென்று கர்த்தர் காட்ட வேண்டும் என்று ஜெபவிண்ணப்பம் வைத்தேன். எல்லோரும் அந்தச் சகோதரனுக்காக உருகி ஜெபித்தார்கள். என் பக்கத்தில் இருந்த கிரேஸ்தான் அதிகமாக அழுதாள். "அந்தப் பிள்ளைக்கு சமாதானத்தக் கொடும் ஆண்டவரே," என்று அந்தச் சகோதரனின் மனைவிக்காகக் கேட்டாள்.

மறுநாள் சாயங்காலம், ஜிப் வாங்கப் போவதாகப் பட்டறையில் சொல்லிவிட்டு தானே ஸ்டேஷனுக்குப் போனேன். தூணுக்குப் பின்னால் ஒளிந்தேன். என் தொந்தி ஒளியவில்லை. கிரேஸ் நாலைந்து பெண்களோடு வந்து லேடீஸ் பெட்டியில் ஏறினாள். நான் அடுத்த பெட்டியில் ஏறி, நடுவில் இருந்த கம்பித் தடுப்பில் முகத்தை வைத்துப் பார்த்தேன்.

உட்கார்ந்த உடனே கிரேஸ் தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்து, பக்கத்தில் இருந்த பெண்ணின் தோளில் சாய்ந்து. எதிரே இருந்த மராத்தி அம்மா, பின்னால் தெரிந்துகொண்டேன், பெயர் ஷாலு தாயி, கிரேஸின் பையைத் திறந்து பீன்ஸை எடுத்தார். மடியில் பேப்பரை விரித்தார். நறுக்க ஆரம்பித்தார். சாய்வாக, ஒரே அளவில்.

என்னைப் பார்த்துவிட்டார். கத்தியைக் காட்டி, என்ன பார்க்கிறாய் என்று இந்தியில் அதட்டினார். அவள் என் மனைவி என்றேன். உடனே உதட்டில் விரலை வைத்தார்.

"தீரே போலோ. சோனே தோ," என்றார். மெதுவாகப் பேசு, தூங்கட்டும் என்று. பிறகு, வீட்டுக்குப் போனால் இவளுக்கு ஏது ஓய்வு என்று என்னிடமே சொன்னார்.

ஜெபத்துக்குப் பதில் வந்துவிட்டது. என் இடத்தை எடுத்துக்கொண்டது யாரென்று கர்த்தர் தெளிவாகக் காட்டிவிட்டார். அது காலியாகக் கிடந்த இடம் என்பதையும் சேர்த்துக் காட்டினார்.

குர்லா தாண்டியதும் அந்தப் பெண்கள் அவளை எழுப்பினார்கள். சயான் ஸ்டேஷனில் இறங்கியவள் என்னைப் பார்த்துத் திகைத்தாள்.

"நீங்க எங்க இங்க?"

"காய் வாங்க வந்தேன்."

"ரயில்லயா?"

அவள் பையை வாங்கிக்கொண்டேன். நடந்துகொண்டே, "சனிக்கிழமை கையெழுத்தப் போட்ரு, ஏட்டி," என்றேன். நின்று என் முகத்தைப் பார்த்தாள். ஜெபக்கூட்டத்துச் சகோதரன் யாரென்று அப்போது அவளுக்குப் புரிந்துவிட்டது. அதன்பின் தாராவி வரைக்கும் சிரிப்பு.

இப்போது காய் நறுக்குவது நான். அதற்கென்று தனிக் கத்தி வாங்கியிருக்கிறேன். பொறாமை முழுதாகப் போய்விட்டதா என்றால், இல்லை. ஷாலு தாயியின் வெட்டு இன்னும் எனக்கு வரவில்லை.

உங்கள் வீட்டிலும் சந்தேகம் இருந்தால் முழங்காலில் நின்று கேளுங்கள். அவர் காட்டுவார். காட்டும்போது பார்க்க மட்டும் தயாராக இருங்கள்.

போன வாரம் நான் நறுக்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிரேஸ் என் தோளிலேயே தூங்கிவிட்டாள். கை மரத்துப்போனது. அல்லேலூயா என்று கத்தத் தோன்றியது. எழுந்துவிடுவாளே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.