வாழ்த்து வேண்டாம் என்று போட்ட பிரேபென்

டென்மார்க்கின் ரீபெ ஊரில், பேராலயக் கோபுரத்தின் உச்சியில் நின்று ஊரைக் காட்டுவது பிரேபெனின் வேலை. படியேறி வருகிறவர்களுக்கு மூச்சு திரும்பும்வரை காத்திருப்பார். பிறகு கையை நீட்டுவார். அதோ பழைய நகரமன்றம். அதோ மடம். ஆற்றோரம் நிற்கும் கம்பத்தில் உள்ள ஒவ்வொரு வளையமும், கடல் ஊருக்குள் புகுந்த ஒரு வருடத்தின் நீர்மட்டம். மனைவி யூட்டே போன வருடம் இறந்த பிறகு, நாள் முழுக்க அவர் பேசுவது பெரும்பாலும் இந்தக் கம்பத்தையும் மடத்தையும் பற்றித்தான்.

செப்டம்பரில் அவருக்கு எழுபது வயது நிறைந்தது. அந்த ஊரில் எழுபது, எண்பது என்று வந்தால் பேப்பரில் அறிவிப்புப் போடுவார்கள்: கதவு திறந்திருக்கும், வாருங்கள் என்றோ, வாழ்த்து எதுவும் வேண்டாம் என்றோ. அறுபதுக்கு யூட்டே கதவைத் திறந்து வைத்தாள். நாற்காலி போதாமல் பக்கத்து வீட்டு போடிலிடம் இரவல் வாங்க வேண்டியிருந்தது. இந்தத் தடவை, திறந்து வைத்து ஒருவரும் வராவிட்டால் என்ன செய்வது என்று பிரேபெனுக்கு பயம் வந்துவிட்டது. வேண்டாம் என்றே போட்டார். யாரும் வராவிட்டாலும் மானம் மிஞ்சும் அல்லவா? நல்ல கெட்டிக்காரத்தனம்தான், போங்கள்! போட்ட கையோடு பேக்கரியில் பதினாறு பேருக்குக் கேக்கும் சொன்னார். அச்சில் வந்ததை மீறி ஒருவராவது வந்துவிட மாட்டார்களா என்ற நப்பாசை.

அன்று காலை, அந்த ஊர்ப் பிறந்தநாள் வழக்கப்படி தோட்டத்தில் தேசியக் கொடியேற்றிவிட்டு வேலைக்குப் போனார். கீழே டிக்கெட் கிழிக்கும் ஓலுஃப் பேப்பரை வரி விடாமல் படிக்கிறவர். “இன்னைக்குக் காத்து ஜாஸ்தி,” என்றதோடு வாயை மூடிக்கொண்டார்.

மேலே, ஸ்பெயினிலிருந்து வந்த ஒரு பெண் கேட்டாள்.

“அந்த ஒரு வீட்டுல மட்டும் கொடி பறக்குதே, என்ன விசேஷம்?”

“யாருக்கோ பொறந்தநாள்.”

“உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?”

“ஒரு வயசானவரு.”

“குடுத்து வெச்சவரு! இந்நேரம் வீடு நெறைய ஆளுங்க இருப்பாங்க.”

பிரேபென் தன் வீட்டைப் பார்த்தார். “இருக்கலாம்,” என்றார். “அதோ, ஆத்தோரமா ஒரு கம்பம் தெரியுதா?”

மத்தியானம் சீக்கிரமே வீடு திரும்பி, மேஜை விரித்து, கோப்பைகளை எடுத்து வைத்தார். தெருவில் போனவர்கள் கொடியைப் பார்த்தார்கள், தலையசைத்தார்கள், போய்விட்டார்கள். அந்த ஊர்க்காரர்கள் சொன்ன பேச்சைக் கேட்கிறவர்கள். வாசல் மணி அடிக்கவேயில்லை. காப்பி ஆறிப்போனது. யாரைக் கோபித்துக்கொள்வது? அவருக்கு அழுகை வந்தது.

பொழுது சாயும்முன் கொடியை இறக்கியாக வேண்டும். தரையில் படாமல் மடிக்க இரண்டு பேர் வேண்டும். மறுமுனை எப்போதும் யூட்டேயின் கையில் இருக்கும். காற்று வேறு. துணி நழுவிப் புல்லை நோக்கிச் சரிந்தது.

“ஐயோ, கீழ படுது!” வேலிக்கு அப்பாலிருந்து கத்திக்கொண்டே போடில் ஓடிவந்து மறுமுனையைப் பிடித்தாள். இருவரும் சேர்ந்து மடித்தார்கள்.

“பேப்பர்ல வேணாம்னு போட்டிருந்தீங்க. அதான் நான் ஒண்ணும் சொல்லல. கொடிக்காகத்தான் வந்தேன்,” என்று போடில் திரும்பினாள். கேட்டில் கை வைத்தாள்.

“போடில், கேக் இருக்கு.”

அவள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். கத்தி படாத கேக். கவிழ்த்தபடியே இருந்த கோப்பைகள்.

“வேணாம்னு சொன்னவரு எதுக்குங்க இத்தனை கப்பு எடுத்து வெச்சீங்க?”

பிரேபென் மடித்த கொடியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

“எனக்குக் கூப்பிடத் தெரியல, போடில். எல்லாரையும் யூட்டேதான் கூப்பிடுவா.”