திங்கட்கிழமைக் கடிதம்

வீட்டில் அவளைப் பெரியவள் என்பார்கள். பல்கலைக்கழக அலுவலகத்தில் அவளுக்கு ஃபைல் அக்கா என்று பெயர். பதிமூன்று வருடமாக அங்கே கோப்புப் பிரிவில் வேலை. யாருடைய சான்றிதழ் எந்த அலமாரியில், எந்தத் தட்டில் தூங்குகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தில் அவள் ஒரு நாள்கூடப் படித்ததில்லை.

படிக்க இடம் கிடைத்திருந்தது. பதினெட்டு வயதில், தாவரவியலில். கடிதம் வந்த அன்று அப்பா அதை இரண்டு முறை வாசித்தார். பேருந்துப் பணிமனையில் டயர் கழற்றி மாட்டும் வேலை அவருக்கு. கடிதத்தின் அடியில் கட்டணம் என்று போட்டிருந்த வரிக்கு வந்ததும் விரலை அங்கேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

"முடியாதும்மா" என்றார். அவ்வளவுதான்.

பெரியவள் அழவில்லை. அடுத்த வாரமே தட்டச்சு வகுப்பில் சேர்ந்தாள். இரண்டு வருடம் கழித்து அதே பல்கலைக்கழகத்துக்கு வேலைக்கு வந்தாள். மாணவிகள் நுழையும் வாசலுக்கு அடுத்த வாசல் அலுவலக ஊழியர்களுக்கு.

அவளுக்கு இருபத்து நாலு வயதானபோது அரசாங்கம் கட்டணத்தையே எடுத்துவிட்டது. அந்த உத்தரவைத் தட்டச்சு செய்தவளும் அவள்தான், நோட்டீஸ் போர்டில் கொண்டுபோய்க் குத்தியவளும் அவள்தான். "இனிமே நீயும் சேர்ந்து படிக்கலாமேம்மா" என்று கண்காணிப்பாளர் சொன்னார். நல்ல மனுஷர், வாயில் வந்ததைச் சொல்லிவிடுவார். அதற்குள் அப்பாவின் முழங்கால் இரண்டும் போயிருந்தன. இருபத்தைந்து வருடம் குத்துக்காலிட்டு டயர் மாட்டிய கால்கள். வீடு பெரியவளின் சம்பளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதை விட்டுவிட்டு வகுப்பில் போய் உட்கார்ந்தால் வீட்டில் அடுப்பெரியாது.

ஆக, படித்தது சின்னவள்.

அக்காவைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். நிலவியல் படித்தாள். வீட்டு ஜன்னலோரம் முழுக்கக் கல்லாக அடுக்கி ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு ஒட்டியிருந்தாள். தன் பக்கத்து அலமாரி நிறைந்ததும் அக்காவின் பக்கத்துக்கு வந்தாள்.

"அக்கா, இது முப்பது கோடி வருஷம் பழசு. உன் துணியைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கோயேன்."

"முப்பது கோடி வருஷம் காத்திருந்த கல்லு, இன்னொரு அலமாரி வாங்குற வரைக்கும் காத்திருக்காதா?" என்று பெரியவள் கேட்டாள். கேட்டுவிட்டுத் துணியைத் தள்ளியும் வைத்தாள்.

தங்கை மேல் பாசம் இல்லாமல் இல்லை. அவளுக்குக் காய்ச்சல் என்றால் லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். ஆனால் அவள் எட்டு மணி வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டு, "ஐயோ, இன்னைக்கு லேப்!" என்று அலறி எழுவதைப் பார்க்கும்போது வயிறு எரியும். லேப் என்ற சொல்லை எவ்வளவு சலிப்போடு சொல்கிறாள்! பெரியவள் லேபை வெளியிலிருந்து பார்த்திருக்கிறாள். பேராசிரியரிடம் கையெழுத்து வாங்கப் போகும்போது, கதவுக் கண்ணாடி வழியாக.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, கட்டணம் திரும்ப வருகிறது என்று உத்தரவு வந்தது. புதிதாகச் சேருகிறவர்கள் மட்டுமல்ல, படித்துக்கொண்டிருப்பவர்களும் அடுத்த பருவத்திலிருந்து கட்ட வேண்டும். இதையும் பெரியவள்தான் தட்டச்சு செய்தாள். நியாயமாக அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது வேறு. அடிவயிற்றில் சின்னதாக ஒரு குளிர்ச்சி. 'இப்போ தெரியும்' என்றது மனசு. யாருக்கு, என்ன தெரியும் என்று அது சொல்லவில்லை. அவளுக்கே அது அசிங்கமாக இருந்தது. எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மிச்சத்தை அடித்து முடித்தாள்.

நாலாம் நாளே ஊர்வலம் தொடங்கிவிட்டது. தினமும் பதினோரு மணிக்கு நூலக வாசலில் கூடி, கடைத்தெருவைச் சுற்றி, நிர்வாகக் கட்டடத்துக்கு முன்னால் வந்து நிற்பார்கள். முதல் நாள் அறுபது எழுபது பேர். ஒரு வாரத்தில் தெரு கொள்ளவில்லை. முன்வரிசையில் ஒலிபெருக்கியோடு சின்னவள்.

"படிப்புக்கு விலை போடாதே!"

"எங்கள் வாசலை மூடாதே!" என்று பின்னாலிருந்து ஆயிரம் தொண்டை.

அலுவலகத்தில் எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். "ஃபைல் அக்கா, முன்னாடி போறது உங்க தங்கச்சிதானே? என்ன குரல்!" என்றாள் பக்கத்து மேசைக்காரி. "வீட்டுலயும் அதே குரல்தான்" என்று சொல்லிவிட்டுப் பெரியவள் கோப்பைக் கட்டினாள். நாடா அறுந்துவிட்டது.

வீட்டில் பேச்சே மாறிப்போனது. சித்திகள் போன் பண்ணினார்கள், பத்திரிகையில் படம் வந்ததா என்று விசாரித்தார்கள். அம்மா வெந்நீரில் உப்புப் போட்டுக்கொண்டு சின்னவள் பின்னாலேயே அலைந்தாள்.

"தொண்டை போயிடும்டி. மெதுவா கத்து."

"கத்துறதுல என்னம்மா மெதுவா?" என்றாள் பெரியவள். யாரும் சிரிக்கவில்லை. பதிமூன்று வருடமாகத் தன் கழுத்து தட்டச்சு மேசை மேல் வளைந்துகிடக்கிறதே, அதற்கு யாராவது வெந்நீர் வைத்தார்களா என்று அவள் நினைத்தாள்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளக்கூடியதாகத்தான் இருந்தது. இரண்டாவது வாரம் வெள்ளிக்கிழமை அவள் ஜன்னல் வழியாகப் பார்த்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

அன்று பெற்றோர்களும் ஊர்வலத்தில் வந்திருந்தார்கள். மூன்றாவது வரிசையில் ஒரு கிழவர் இடுப்பை ஒரு பக்கம் ஆட்டி ஆட்டி நடந்து வந்தார். கையில் ஓர் அட்டை. 'என் மகள் படிக்கட்டும்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. நடையைப் பார்த்ததும் பெரியவளுக்குப் புரிந்துவிட்டது. அப்பா.

தெருமுனை மருந்துக்கடைக்குப் போகச் சொன்னாலே கால் வலிக்கிறது என்கிற அப்பா. "முடியாதும்மா" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்ட அப்பா. அன்றைக்கு ஒருவரிடமும் போய்க் கேட்கவில்லை, ஒரு மனுக்கூட எழுதவில்லை. இன்றைக்குச் சின்னவளுக்காக வேகாத வெயிலில் கடைத்தெருவையே சுற்றி வந்திருக்கிறார். என் மகள்! ஒரே ஒரு மகள்தான் அட்டையில் இருந்தாள்.

அன்று சாயங்காலம் அப்பா காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உற்சாகமாகப் பேசினார். பெரியவள் தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலையில் கண்காணிப்பாளர் ஓர் உறையைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார்.

"ஆட்சிக்குழு இறங்கி வந்திருக்கும்மா. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு மாணவர் பிரதிநிதிங்க மூணு பேர் வந்து பேசலாமாம். அவங்க பக்கத்துக் கணக்கு, காரணம் எல்லாம் எழுதி எடுத்துட்டு வரணும். கடிதம் கொண்டுபோற ஆள் லீவு. இன்னைக்கே நீயே கையில குடுத்துடு."

உறையில் மூன்று பெயர். முதல் பெயர் சின்னவளுடையது.

பெரியவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆட்சிக்குழு அறைக்குள் அவள் போயிருக்கிறாள், தேநீர்க் கோப்பைகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க. இருபத்தொரு வயதுக்காரி அங்கே நாற்காலியில் உட்கார்ந்து பேசப்போகிறாள். அன்று அப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார். அவள் நிலுவைக் கோப்புகள் கிடக்கும் இழுப்பறையைத் திறந்தாள். உறையை அடியில் வைத்தாள், மேலே நாலு பழைய கோப்புகளை வைத்து மூடினாள். அவற்றின் விளிம்பைத் தட்டி நேராக்கினாள். அந்த நிதானம்தான் பிற்பாடு அவளைப் பயமுறுத்தியது.

அன்று சாயங்காலம் சின்னவள் கரகரத்த குரலில் கேட்டாள்: "அக்கா, ஆபீஸ்ல ஏதாவது தகவல் வந்துச்சா? கூப்பிடுவாங்கன்னு பேசிக்கிறாங்களே?"

"வந்தா சொல்ல மாட்டேனா?"

செவ்வாய்க்கிழமையும் உறை அங்கேயே இருந்தது. பிள்ளைகள் வெயிலில் தரையில் உட்கார்ந்து கோஷம் போட்டார்கள். ஒரு பெண் மயங்கி விழுந்தாள். நல்லவேளையாக அது சின்னவள் இல்லை. பெரியவள் அன்று மூன்று கடிதங்களைத் தப்பாக அடித்தாள்.

புதன்கிழமை மதியம் கோப்புப் பிரிவு வாசலில் அப்பா வந்து நின்றார். கக்கத்தில் அட்டை, முகமெல்லாம் வேர்வை.

"கொஞ்சம் உக்காந்துட்டுப் போறேம்மா. முட்டி வீங்கிப்போச்சு."

நாற்காலியை இழுத்துப் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அவர் குடித்து முடிக்கும்வரைகூட அவளால் வாயை அடக்க முடியவில்லை.

"எனக்கு ஏம்பா நடக்கல?"

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். என்ன கேட்கிறாள் என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை.

"அவளுக்குன்னா முட்டி வீங்க வீங்க நடக்கறீங்க. எனக்கு ஒரே வார்த்தை. முடியாதும்மா. இந்தா, அட்டையில கூட ஒரு மகள்தான் இருக்கா."

"அட்டை அவங்க குடுத்ததும்மா. எல்லா அப்பனுக்கும் ஒரே அட்டைதான். பையன் வெச்சிருக்கறவனும் இதையே தூக்கிட்டு வரான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டாள்.

அப்பா முட்டியைத் தடவிக்கொண்டார். "அப்ப எனக்கு வெட்கம்" என்றார். "என்கிட்ட இல்லைன்னு போய் நாலு பேர் முன்னாடி நிக்க வெட்கம். பணிமனையில உனக்கு இடம் கிடைச்ச விஷயத்தையே நான் சொல்லல. சொன்னா, 'சேத்துட்டியா?'ன்னு கேப்பானுங்கள்ல? இப்ப ஆயிரம் பேர் சேர்ந்து இல்லைங்கறாங்க. அதுக்குள்ள நின்னு நானும் இல்லைங்கறது லேசா இருக்கு. அவ மேல உசத்தி, உன் மேல மட்டம்னு இல்ல."

"உங்க வெட்கத்துக்கு நான் பதிமூணு வருஷமா ஃபைல் கட்டிட்டிருக்கேன்."

"ஆமாம்மா" என்றார் அப்பா. அட்டையை எடுத்துக்கொண்டு சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கினார்.

அந்த ஆமாவில் அவள் மனசு ஆறிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பிறகு அந்த உறையை உள்ளே வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார அவளால் முடியவில்லை. இழுப்பறையைத் திறந்து உறையை எடுத்தாள், அனுப்புப் பதிவேட்டில் புதன் என்றே எழுதினாள், கீழே இறங்கிப் போனாள்.

சின்னவள் மரத்தடியில் நாலைந்து பேரோடு உட்கார்ந்திருந்தாள். உறையைப் பிரித்து வாசித்ததும் முகம் மலர்ந்தது. பிறகு தேதியைப் பார்த்தாள்.

"திங்கக்கிழமை தேதி போட்டிருக்கே?"

"நான்தான் வெச்சிருந்தேன்."

"மறந்துட்டியா?"

மறந்துவிட்டேன் என்று சொல்லத்தான் இரண்டு நாளாகப் பழகி வைத்திருந்தாள். வாய் வேறு சொன்னது. "இல்ல. வேணும்னுதான். அப்பா உனக்காக நடந்தாரு, அதுக்கு."

சின்னவள் அவளையே பார்த்தாள். "நீ என்ன சின்னப் புள்ளையாக்கா?" என்றாள் மெதுவாக. பிறகு திரும்பி, கூட இருந்தவர்களிடம் சத்தமாக, "நாளைக்குப் பதினோரு மணிக்குக் கூப்பிட்டிருக்காங்க. கடிதம் இப்பத்தான் வந்துச்சு. எந்திரிங்க, வேலை இருக்கு" என்றாள். அக்காவைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தப் பெருந்தன்மையைப் பார்த்தும் பெரியவளுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை அந்த அறையில் ஒரு மணி நேரம் பேச்சு நடந்தது. படித்துக்கொண்டிருப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை, புதிதாகச் சேருகிறவர்கள் கட்ட வேண்டும் என்று முடிவானது. இன்னும் இரண்டு நாள் கிடைத்திருந்தால் வீடு வீடாகப் போய் விவரம் சேர்த்துக் காட்டியிருக்கலாம், புதியவர்களுக்கும் தப்பியிருக்கும் என்று சிலர் சொன்னார்கள். எல்லாம் முன்கூட்டியே முடிவு பண்ணியது, எத்தனை நாள் கொடுத்தாலும் இதேதான் என்று வேறு சிலர் சொன்னார்கள். எது உண்மை என்று பெரியவளுக்கு இன்றுவரை தெரியாது. அது தெரியாமல் இருப்பதுதான் அவளுக்குத் தண்டனை. அலுவலகத்தில் கிடைத்ததோ கண்டித்து ஒரு குறிப்பாணை மட்டும்: பதிவேட்டைப் பார்த்துவிட்டுக் கண்காணிப்பாளர் கேட்டார், அவள் ஒப்புக்கொண்டாள். மறுபடி திறந்த கட்டணக் கவுண்டரின் பொறுப்பு அவளுக்கு வராமல் பக்கத்து மேசைக்காரிக்குப் போனது. சம்பளம் கொஞ்சம் கூடுதல். அங்கே உட்கார வேண்டியதில்லை என்று நிம்மதியாக இருந்தது. கூடுதல் சம்பளத்தை நினைத்தால் மட்டும் மனசு பொருமியது.

சின்னவள் பத்தொன்பது நாள் பேசவில்லை. இருபதாம் நாள் காலையில் செருப்பு வார் அறுந்து, வாசலில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, "உன்னோடதைப் போட்டுட்டுப் போகட்டுமா?" என்றாள்.

"போட்டுக்கோ. குதிகாலைத் தேய்ச்சு நடக்காதே."

அவ்வளவுதான் சமாதானம். மன்னிப்பு என்ற சொல்லை இருவரும் எடுக்கவில்லை.

புதிய பிள்ளைகளுக்காக ஊர்வலம் அடுத்த வருடமும் தொடர்ந்தது, வெள்ளிக்கிழமை மட்டும். சின்னவளுக்கு இனி அதனால் லாபம் ஒன்றுமில்லை, ஆனாலும் போனாள். ஒரு வெள்ளிக்கிழமை பெரியவள் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தாள். என்ன காரணம் என்று கண்காணிப்பாளர் கேட்டதற்கு, "சொந்த வேலை சார்" என்றாள்.

அப்பா நடுவில், மகள்கள் இரண்டு பக்கமும். கடைத்தெரு தாண்டியதும் அப்பாவின் நடை தளர்ந்தது. கை சின்னவளின் தோளுக்குப் போனது. பெரியவள் பார்த்தாள். கொஞ்ச தூரம் பொறுத்தாள்.

"இந்தப் பக்கமும் ஒரு தோள் இருக்குப்பா."

"நீ உசரம்மா. கை எட்டல."

அந்தப் பக்கம் சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பெரியவள் அவளை முறைத்தாள். முறைத்துக்கொண்டே அப்பா பக்கத்துத் தோளை ஒரு சாண் இறக்கி, கோணலாக நடந்து வந்தாள்.