விளக்கு வைத்த நேரத்துப் பரீட்சை

வகுப்பு தொடங்குமுன், தரையில் சிதறிக் கிடக்கும் கம்பித் துண்டுகளைச் சேவுகன் யாருக்கும் தெரியாமல் கூட்டிவிடுவார். மற்றவர்கள் வெறுங்காலோடு வருவார்களே! விராலிமலைப் பக்கத்து வண்டிக்காரர் அவர். லாரிகள் வந்து பிழைப்புக் கெட்டதும், மாடுகளை விற்றுவிட்டு, நாற்பது வயதில் புதுக்கோட்டைக்குக் கரண்டு வேலை படிக்க வந்தவர்.

ஒரே ஒரு குறை. அந்தி சாய்ந்துவிட்டால் மெயின் சுவிட்சை அணைக்க மாட்டார். விளக்கு வைத்த நேரத்தில் வெளிச்சத்தை அணைப்பதா என்று கையை இழுத்துக்கொள்வார். அணைக்காமலே கம்பியைத் தொட்டு இரண்டு தடவை தூக்கி எறியப்பட்டிருந்தார்.

கடைசிப் பரீட்சையும் அந்தியில்தான் வந்தது. வாத்தியார் அருளானந்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார்.

"மெயின அணைங்க சேவுகன். இல்லேன்னா ஃபெயிலுதான். வண்டியும் இல்ல, மாடும் இல்ல, அப்புறம் என்ன செய்வீங்க?"

"செத்த இருங்க சார்."

சேவுகன் பையிலிருந்து ஓர் அகலை எடுத்து ஏற்றிவைத்தார். கும்பிட்டார். பிறகு மெயினை அணைத்துவிட்டு, அகல் வெளிச்சத்திலேயே வேலையை முடித்தார்.

"கரண்டுக்காரருக்கு எண்ணெய் விளக்கா!" என்று சிரித்தபடி வாத்தியார் பாஸ் போட்டார். ஆனாலும், இனி அணைக்காமலே கம்பியைத் தொட்டுவிடுவாரோ என்று மனம் அடங்கவில்லை. மறுநாள் பஸ் வரைக்கும் கூடவே போனார்.

அதுதான் இருவரும் கடைசியாகச் சந்தித்தது. பஸ் நகரும்போது சேவுகன் தலையை நீட்டிச் சொன்னார்:

"எந்த வீட்டுக்குப் போனாலும் பையில அகல் இருக்கும் சார். நீங்க நிம்மதியாத் தூங்குங்க. வாரேன்."