நான்காம் மாடிக்கு சுவீடன் வழியாக

எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் நின்றுபோன காலையில் நான் சுவீடனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். முந்தின நாள்தான் மாநில பட்ஜெட். கரமனையில் ஆற்றோரம் நடந்து முடித்து, வழக்கமான டீக்கடை வாசலில் நின்று, வரி கூடக் கொடுக்கிற நாட்டில்தான் மனிதர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள் என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். எதிரில் நின்று சிங்கப்பூரைத் தூக்கிப் பிடித்தவர் என் குடியிருப்பிலேயே தரைத்தளத்தில் இருக்கும் பாத்திரக்கடைக்காரர். சாலை என்று பெயர் கொண்ட பெரிய கடைவீதியில் முப்பது வருஷ வியாபாரம். திருநெல்வேலிக்காரர், அதனால் ஊருக்கே அண்ணாச்சி.

நான் இன்சூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். யூனியன் ஆள். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம்; வேலைக்காக இந்த மலையாளத் தலைநகருக்கு வந்து தங்கிவிட்டேன். எனக்கு ஒரு கட்சி, அண்ணாச்சிக்கு வேறொரு கட்சி. இரண்டு கட்சியும் மாறி மாறி ஆண்டதில் எங்கள் தெருவின் ஓடைக்கு இன்றுவரை மூடி வரவில்லை. அந்த ஓடையைப் பற்றி நாங்கள் ஒருநாளும் சண்டை போட்டதில்லை. சண்டையெல்லாம் வெளிநாட்டில்தான். இந்த ஊரில் வெளிநாடு என்பது அடுத்த வீடு மாதிரி. ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது துபாயிலோ தோஹாவிலோ லண்டனிலோ இருப்பார். வாதம் முற்றினால் உடனே போன் போட்டு, அங்கே இருப்பவரிடமே சாட்சி கேட்டுவிடுவார்கள். அப்படிச் சாட்சி சொல்ல எனக்கு ஆள் கிடையாது. என் பிள்ளைகள் இருவரும் இந்த ஊர் எல்லையில் இருக்கும் கழக்கூட்டத்தைத் தாண்டவில்லை. என் வெளிநாட்டு அனுபவம் கன்னியாகுமரியில் நின்று கடலைப் பார்த்ததோடு சரி. சுவீடனைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பத்திரிகைக் கட்டுரைகள்தான். தெரியாதது அதிகமாக இருந்ததால்தானோ என்னவோ, பேச்சு அருவி மாதிரி வந்தது.

வீடு திரும்பியபோது லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. நல்லவேளை, உள்ளே யாருமில்லை. பார்க்க வந்த மெக்கானிக் மோட்டாரையும் கயிற்றையும் முழுதாக மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அசோசியேஷன் கையிருப்பு அதற்குக் காணாது. வீட்டுக்கு வீடு தனியாக வசூலிக்க வேண்டும். யார் எவ்வளவு தருவது? அந்தக் கேள்வி வந்ததும் சுவீடனும் சிங்கப்பூரும் டீக்கடையை விட்டு எங்கள் கார் பார்க்கிங்குக்கு வந்துவிட்டன.

வீட்டின் சதுர அடியைப் பார்த்து வசூலிக்க வேண்டும், பெரிய வீட்டுக்காரர் அதிகம் தரட்டும் என்பது என் கட்சி. வீட்டுக்கு வீடு ஒரே தொகை, ஆனால் லிஃப்ட்டை மிதிக்காத தரைத்தளத்துக்காரர் எதுவும் தர வேண்டாம் என்பது அண்ணாச்சியின் கட்சி. முதல் கூட்டத்திற்கு நான் நான்கு பக்கம் குறிப்பு எழுதிக்கொண்டு போனேன். அதில் லிஃப்ட் என்ற சொல் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. அண்ணாச்சி குறிப்பு இல்லாமலே ஒரு மணி நேரம் பேசினார். வரியைக் குறைத்ததால் சிங்கப்பூர் எப்படி எழுந்தது என்று அவர் சொல்ல, வரியைக் கூட்டியதால் சுவீடன் எப்படி எழுந்தது என்று நான் சொன்னேன். கூட்டம் தேதி குறிக்காமல் ஒத்திவைக்கப்பட்டது. இரண்டு பேரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போனோம்.

நான்காம் மாடியில் வாடகைக்கு இருந்த ஓர் அம்மாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். வள்ளியூர்ப் பக்கத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். கணவர் இல்லை. கழக்கூட்டத்தில் ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் தங்கும் மூன்று ஹாஸ்டல்களுக்கு மத்தியானச் சாப்பாடு சமைத்து அனுப்பிக்கொண்டிருந்தார். விடியுமுன் அடுப்பு பற்றவைத்தால் பத்தரை மணிக்கு வேனில் பாத்திரங்கள் ஏறியாக வேண்டும். பைபாஸ் நெரிசலைத் தாண்டி வேன் நேரத்துக்குப் போய்ச் சேர அது ஒன்றுதான் வழி. லிஃப்ட் இருந்தவரை ஐந்தே நிமிட வேலை. லிஃப்ட் நின்றபின் அவரும் உதவிக்கு வரும் ஒரு பெண்ணும் சாம்பார் வாளியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, ஒவ்வொரு படியாக இறக்கினார்கள். சோறு, கூட்டு, ரசம், மோர் என்று ஆறேழு நடை. கடைசி நடையில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முதல் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்துவிடுவார். அந்தத் திருப்பம் என் வீட்டு வாசல்.

"எப்ப சார் சரியாவும்?" என்று ஒருநாள் கேட்டார்.

"ஜெனரல் பாடி கூடணும். ரெண்டாவது கூட்டம் போடுதோம்" என்றேன்.

"சீக்கிரம் போடுங்க சார். நேத்தும் லேட்டு. ஒரு ஹாஸ்டல்காரன் வேண்டாம்னு சொல்லிட்டான். இன்னும் ரெண்டு இருக்கு. அதும் போச்சுன்னா பின்ன நான் எதுக்கு இந்த ஊர்ல இருக்கணும்?"

நான் மிகவும் வருத்தப்பட்டேன். வருத்தத்தோடு உள்ளே போய், அடுத்த கூட்டத்துக்கான குறிப்பில் இன்னொரு பக்கம் சேர்த்தேன். வாடகைக்கு இருப்பவர்களுக்குக் கூட்டத்தில் ஓட்டும் கிடையாது, பேச்சும் கிடையாது என்பது எங்கள் விதி. அந்த விதி எனக்கு அன்று உறுத்தவே இல்லை. சமத்துவத்தைப் பற்றி ஐந்து பக்கம் எழுதியவனுக்கு அது ஏன் உறுத்தவில்லை என்று இப்போது யோசித்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

இரண்டாவது கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அண்ணாச்சி என் வீட்டுக்கு வந்தார். அவர் மாடியேறி வந்தது அதுதான் முதல் தடவை.

"சாரே, ஒரு காரியம். தரைத்தளத்துக்காரங்க பாதி தாரோம். மத்த எல்லாரும் முழுசு. சதுர அடிக் கணக்கு வேண்டாம். நாளைக்கு முடிச்சிருவோம். மேல அந்தப் பொம்பள கெடந்து கஷ்டப்படுதா."

நியாயமான பேச்சு. ஒன்றும் தர மாட்டேன் என்றவர் பாதிக்கு இறங்கி வந்திருக்கிறார். ஆனால் எனக்குக் காதில் விழுந்தது "சதுர அடிக் கணக்கு வேண்டாம்" என்பது மட்டும்தான். ஐந்து பக்கமும் வீணாகிவிடுமே என்ற பதைப்பு. "நாளைக்குக் கூட்டத்துல வையும் அண்ணாச்சி, பாப்போம்" என்றேன். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, கையைத் தட்டிச் சிரித்துவிட்டு இறங்கிப் போனார். அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியும். திருத்தவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கார்களை வெளியே விட்டு, பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தோம். இருபது வீட்டில் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். பதினான்கு பேர் இருந்தால்தான் தீர்மானம் செல்லும். கூட்டம் தொடங்குமுன் நான்காம் மாடி அம்மா ஒரு தூக்கு நிறையப் பால்பாயசமும், தட்டு நிறைய போளியும் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். யாரும் கேட்கவில்லை. இந்த ஊரில் போளியும் பாயசமும் கல்யாணப் பந்தியில் சேர்ந்து வருவது. பார்க்கிங்கில் லிஃப்ட் கூட்டத்துக்கு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. நல்ல மனுஷி என்று நினைத்துக்கொண்டேன். அவர் ஓட்டு இல்லாதவர் ஆனதால் தூணோரம் ஒதுங்கி நின்றார்.

அண்ணாச்சி எழுந்தார். விட்டுக்கொடுக்கப் போகிறவர் கொஞ்சம் மீசையை முறுக்கிக்கொள்வது இயல்புதானே. "சிங்கப்பூர்ல லிஃப்ட்ட உபயோகிக்கவன்தான் காசு கொடுப்பான். கீழ் வீட்டுக்காரன்ட்ட ஒரு பைசா கேக்க மாட்டான், கேட்டீங்களா. ஆனாலும் நம்ம ஒத்துமைக்காக நான் சொல்லுதது என்னன்னா..."

அந்த "ஆனாலும்" போதும், வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நான் எழுந்துவிட்டேன். "அப்படியா அண்ணாச்சி? உம்ம மக சிங்கப்பூர்லதானே இருக்கா? கேட்டுப் பாத்துருவோமே."

பதினைந்து பேர் முன்னால் மறுக்க முடியுமா? அவரும் பெருமையாக போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டார். மகள் எடுத்தாள். அப்பா எதற்குக் கேட்கிறார் என்று தெரியாத பெண் உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"இல்லப்பா, எங்க பிளாக்குக்கு எல்லா மாடியிலயும் லிஃப்ட் நிக்கிற மாதிரி செஞ்சப்போ செலவுல பெரும்பங்கு கவர்மென்ட்தான் போட்டாங்க. வீட்டுக்காரங்க கொஞ்சம்தான் குடுத்தாங்க. வீடே கவர்மென்ட் கட்டினதுதானே. ஏம்ப்பா?"

நான் கைதட்டினேன். உண்மையாகவே கைதட்டினேன். "கேட்டீங்களா? கவர்மென்ட் கட்டின வீடு, கவர்மென்ட் போட்ட லிஃப்ட்டு! இனிமே சிங்கப்பூர் எங்க கட்சி அண்ணாச்சி, உமக்கு வேற நாடு பாத்துக்கிடும்!" என்றேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முப்பது வருஷ யூனியன் வாழ்க்கையில் எனக்கு அப்படி ஒரு கைதட்டல் கிடைத்ததில்லை.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. மகளின் குரல் "அப்பா, அப்பா" என்று கேட்டுக்கொண்டிருக்க, போனை அணைத்துச் சட்டைப்பையில் வைத்தார். "சரி சாரே. நீங்க சுவீடன்லயே லிஃப்ட்டு செஞ்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார். பக்கத்து வீட்டுக்காரரும் அவரோடு எழுந்து போனார். பதின்மூன்று பேர். தீர்மானம் செல்லாது. செயலாளர் மினிட்ஸ் புத்தகத்தை மூடினார்.

நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா காலியான தூக்கை எடுக்க வந்தார். கோபமில்லாமல், மெதுவாகத்தான் கேட்டார்.

"தப்பா நெனக்காதிய சார். உங்களுக்குச் சின்ன வீடு, சதுர அடி பாத்தா கொறச்சலா வரும். அண்ணாச்சி கீழ இருக்காக, ஏறுதவன் குடுக்கட்டும்னா அவுகளுக்கு ஒண்ணுமே வராது. இதச் சொல்லதுக்கு எதுக்கு சார் இத்தன நாடு சுத்துதிய?"

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அப்படியில்லை, இது கொள்கை என்று ஏதோ சொன்னேன். வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்தேன். இருபது வீட்டில் மிகச் சிறியவை நான்கு. அதில் ஒன்று என்னுடையது. ஐந்து பக்கக் குறிப்பில் அந்தத் தகவல் எங்கேயும் இல்லை. நான் சுவீடனை நம்பியது பொய்யில்லை. இன்றும் நம்புகிறேன். ஆனால் எனக்கு லாபமாக இருக்கிற இடத்தில் மட்டும் அது எனக்கு இவ்வளவு அழகாகத் தெரிந்தது என்பதும் பொய்யில்லை.

அந்த மாதக் கடைசியில் அவர் வீட்டைக் காலி செய்தார். இரண்டாவது ஹாஸ்டலும் போயிருந்தது. பாலராமபுரம் தாண்டி, வாடகை குறைந்த ஒரு தரைத்தள வீடு. கழக்கூட்டத்துக்கு அங்கிருந்து வேன் போய்ச் சேராது, புதிதாகத்தான் ஆள் பிடிக்க வேண்டும். சாமான் இறக்கும் நாளில் நான் நான்காம் மாடிக்கு ஏறினேன். மூச்சு வாங்கியது. பின்னாலேயே அண்ணாச்சியும் வந்தார். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அன்றும் பேசவில்லை. கிரைண்டரை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினோம். ஒவ்வொரு திருப்பத்திலும் இறக்கி வைத்து, நிமிர்ந்து, மறுபடி தூக்கினோம். தினமும் இதைச் செய்தவர் எங்களுக்குப் பின்னால் வெறுங்கையோடு, "பாத்து சார், பாத்து அண்ணாச்சி" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

லிஃப்ட் அதற்கு இரண்டு மாதம் கழித்துச் சரியானது. தரைத்தளம் பாதி, மற்றவர்கள் முழுசு. முன்மொழிந்தவர் அண்ணாச்சி, வழிமொழிந்தவன் நான். பத்து நிமிடத்தில் கூட்டம் முடிந்தது. யாரும் எந்த நாட்டின் பெயரையும் சொல்லவில்லை.

லிஃப்ட் ஓடத் தொடங்கிய அன்று மத்தியானம் அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். நான்காம் மாடி வீடு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, வீட்டுக்காரரிடம் நானே பேசுகிறேன், திரும்பி வாருங்கள் என்றேன். எப்படி முடிந்தது என்று கேட்டார். சொன்னேன். சொன்னபின் மனம் கேட்கவில்லை. "இதையேதான் அண்ணாச்சி அந்தக் கூட்டத்துக்கு முந்தின நாள் என்கிட்ட வந்து சொன்னாரு. நான்தான் பிடி குடுக்கல. அது உங்களுக்குத் தெரியாது" என்றேன்.

மறுமுனையில் குக்கர் விசில் கேட்டது. அடுப்பைத் தணித்துவிட்டு வந்தார்.

"தெரியும் சார். உங்க வீட்டுலேருந்து எறங்குன ஒடனே அண்ணாச்சி எனக்குப் போன் போட்டாக. சார் சம்மதிச்சிட்டாரு, நாளைக்கு முடிஞ்சிரும்னாக. அதான் பாயசம் வச்சேன்."