பன்னிரண்டரை சார்

என் சித்தப்பா கையேடு எழுதுகிறவர். புதிதாக வாங்கிய வாஷிங் மெஷினோடு ஒரு சின்னப் புத்தகம் வருமே, பிரிக்காமலேயே அலமாரியில் போட்டுவைப்போமே, அதுதான். இரண்டு வருடமாக அவருக்கு நிரந்தர வேலை இல்லை. வீட்டுக் கூடத்தில் சித்தி நான்கு மிஷின் போட்டுத் தையல் வகுப்பு நடத்துகிறார். அதனால் தெருமுனைக் காபிக் கடைதான் சித்தப்பாவுக்கு ஆபீஸ்.

ஒரே காபியை முன்னால் வைத்துக்கொண்டு அரை நாள் உட்காருகிற ரகமில்லை அவர். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை, பசிக்காவிட்டாலும் எதையாவது வாங்குவார். நான்கு பேர் மேஜையில் தனியாக உட்காரமாட்டார். சார்ஜ் நிறைந்ததும் ஒயரைச் சுருட்டிவிட்டு, பக்கத்து மேஜைக்காரரிடம் "பிளக் வேணுங்களா?" என்று கேட்பார். அந்த மேஜைக்காரர் எதிரே வெறும் செய்தித்தாள்தான் இருக்கும்.

"வீட்ல குடிச்ச தம்ளரை எடுத்து வைக்கத் தெரியாது. அங்க போய் மேஜையைத் துடைச்சிட்டு வர்றாராம்" என்பார் சித்தி.

லேப்டாப்போடு வருகிற மற்றவர்கள் அப்படியில்லை; ஒரே காபியோடு வைஃபைக்காக நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். மதியம் சாப்பிட வருகிறவர்களுக்கு இடமே கிடைக்காமல் போக, கடைக்கார அக்கா வைஃபையையே எடுத்துவிடுவதாக இருந்தார்.

"எடுத்துடாதீங்கக்கா. நான் ஒரு வழிமுறை எழுதித் தர்றேன்" என்றார் சித்தப்பா.

எழுதினார், படங்களோடு. தினமும் பன்னிரண்டரைக்குப் பாஸ்வேர்ட் தானாக மாறிவிடும். புதியது வேண்டுமென்றால் வரிசையில் நின்று ஏதாவது வாங்கி, பில்லைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பில்லுக்கு ஒரு ஆள். ரவுட்டரில் அதற்கான ஏற்பாட்டையும் அவரே செய்து கொடுத்தார். அன்றிலிருந்து கடையில் அவர் பெயர் 'பன்னிரண்டரை சார்'.

கட்டடப் படம் வரைகிற ஒரு பெண் மட்டும் நேராகச் சண்டைக்கு வந்தாள்.

"சார், ஃபைல் பாதி ஏறும்போது கட் ஆயிடுச்சு."

"பன்னெண்டு இருபதுக்குள்ள ஏத்தியிருக்கணும்மா. மூணாவது பத்தியில இருக்கு."

"போலீஸ்லயே சேர்ந்திருக்கலாம் சார் நீங்க."

போன மாதம் ஒரு பெரிய கம்பெனி அவரை வீடியோ நேர்காணலுக்கு அழைத்தது. கிடைத்தால் நிரந்தர வேலை. சித்தி அவருடைய சட்டையை இரண்டு முறை இஸ்திரி போட்டுக் கொடுத்தார். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. மூணாவது பத்தி, நாலாவது பத்தின்னு ஆரம்பிச்சிடாதீங்க" என்றும் சொல்லி அனுப்பினார்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் கடைக்கார அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

குறித்த நேரம் பதினொன்றரை. கம்பெனிக்காரர்கள் திரையில் வந்தபோது மணி பன்னிரண்டு பத்து. ஓர் அம்மாளும் ஓர் இளைஞரும். கை கழுவும் இடத்தை ஒட்டிய சின்ன மேஜையில் சித்தப்பா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். நன்றாகத்தான் போனது.

"நீங்க எழுதுறதை ஜனங்க உண்மையிலேயே பின்பற்றுறாங்கன்னு எப்படித் தெரியும்?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

சித்தப்பா வாயைத் திறந்தார். திரை அப்படியே உறைந்துபோனது. மணி பன்னிரண்டரை.

அவருடைய செல்போன் டேட்டாவைக் காலையிலேயே வீட்டுப் பிள்ளைகள் கார்ட்டூன் பார்த்துத் தீர்த்திருந்தார்கள். லேப்டாப்பை மூடாமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றார். முன்னால் ஒன்பது பேர்.

"தம்பி, இங்க வாங்க, நான் சொல்றேன்" என்றார் அக்கா, கல்லாவிலிருந்து.

"வரிசைக்கா."

"இன்டர்வியூன்னு சொன்னீங்களே."

"எழுதினவனே மீறினா மத்தவங்க என்ன நினைப்பாங்க?"

"வேலை போச்சுன்னு நினைப்பாங்க."

வரிசை சிரித்தது. சித்தப்பாவுக்கு வேர்த்துக் கொட்டியது, ஆனால் நகரவில்லை. அப்போதுதான் பில் வாங்கிக்கொண்டு திரும்பிய அந்தப் படம் வரைகிற பெண் அவர் முன்னால் வந்து நின்றாள்.

"இந்தாங்க சார்."

"ஒரு பில்லுக்கு ஒரு ஆள்மா."

"நான் இன்னிக்குச் சாப்பிட மட்டும்தான் வந்தேன். பாஸ்வேர்ட் எனக்கு வேணாம். வேணாம்னா அதை என்ன பண்ணணும்னு எந்தப் பத்தியில இருக்கு?"

சித்தப்பா யோசித்துப் பார்த்தார். எந்தப் பத்தியிலும் இல்லை. பில்லை வாங்கிக்கொண்டார்.

நின்ற இடத்திலேயே இணைப்பு வந்தது.

"என்னங்க ஆச்சு?" என்றார் அந்த அம்மாள்.

"நீங்க கேட்டதுக்குப் பதில்தாங்க." சித்தப்பா லேப்டாப்பைத் திருப்பி, சுவரில் ஒட்டியிருந்த தாளையும் வரிசையையும் காட்டினார். "இது நான் எழுதினது. எல்லாரும் பின்பற்றுறாங்க, என்னையும் சேர்த்து. ஆனா அதுல ஒரு ஓட்டை இருக்கு. இந்தப் பொண்ணுதான் இப்பக் கண்டுபிடிச்சாங்க."

அந்த அம்மாள் அவளைக் கூப்பிட்டார். "இவர் எழுதினது உங்களுக்குப் புரியுதாம்மா?"

"நல்லாப் புரியுதுங்க. அதுதான் பிரச்சினையே."

அந்தப் பக்கம் இருவரும் ஒலியை நிறுத்திவிட்டு ஏதோ பேசிக்கொண்டார்கள். சித்தப்பா பில்லை எட்டாக மடித்திருந்தார்.

"திங்கட்கிழமை வேலைக்கு வந்துட முடியுமா?"

"வந்துடறேங்க" என்றார், பக்கத்து ஆளுக்குக்கூடக் கேட்காத குரலில்.

"கேக்கலையே."

"வந்துடறேங்க" என்று அவர் போட்ட சத்தத்தில் கடையே சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. சித்தப்பா யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.